பில்லு போயிட்டு, பதில் வரலை

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேட்டை மாமா போன் பண்ணினார். திருநெல்வேலி பேட்டையில் அட்டைப்பெட்டி கம்பெனி நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கூப்பிட்டால் ஒன்று கல்யாணச் செய்தி, இல்லையென்றால் கம்ப்யூட்டர் தகராறு. இது இரண்டாவது.

"ஏ மருமவனே, பில்லு கெவர்மெண்டுக்கே போயி நம்பர் வாங்கிட்டு வந்துட்டு. சரக்கு எடுத்தவன் கம்பெனிக்குள்ள மட்டும் போவ மாட்டேங்கு, கேட்டியா?"

"யாருகிட்ட விசாரிச்சிய மாமா?"

"ஸ்டோர்ல கேட்டா அக்கவுண்ட்ஸ்ல கேளுங்கான். அக்கவுண்ட்ஸ்ல கேட்டா சிஸ்டத்துல பெண்டிங்குங்கான். சிஸ்டத்துகிட்ட நான் எப்பிடில பேச?"

நியாயமான கேள்வி. பில் சம்பந்தப்பட்ட மென்பொருள் எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடமும் உடனே பதில் இல்லை. அதைத் தேடிப் போனபோது எடுத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன

மாமாவிடம் பெட்டி வாங்குவது பெரிய கம்பெனி. பெயர் வேண்டாம். அவர்கள் அனுப்பும் பர்ச்சேஸ் ஆர்டரில் பெட்டிக்கு அலகு 'ஆயிரம்'. ஐயாயிரம் பெட்டி வேண்டுமென்றால் அளவு 5, விலை ஆயிரத்துக்கு ₹18,400 என்று இருக்கும். மாமாவின் பில்லிங் மென்பொருளில் அலகு 'எண்ணம்'. அளவு 5,000, விலை ஒன்றுக்கு ₹18.40. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ₹92,000தான். மனிதக் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

ஆனால் வாங்கும் பக்கத்தில் மனிதக் கண் பார்ப்பதில்லை. ஆர்டர், சரக்கு வந்ததற்கான ஸ்டோர் பதிவு, பில் என்று மூன்றையும் இயந்திரம் ஒத்துப் பார்க்கிறது. ஆர்டரில் 5, ஸ்டோரில் 5, பில்லில் 5,000. ஒத்துப்போகவில்லை என்று ஓரமாக எடுத்து வைத்துவிட்டது. அப்படி நாலு பில். வரி நீங்கலாக நாலு லட்சத்துச் சொச்சம். காரணம் என்னவென்று ஒரு ஆள் கண்டுபிடித்துச் சொல்ல ஐந்து வாரம் ஆனது.

அந்த ஐந்து வாரத்தில் பெட்டிகள் எல்லாம் சரக்கோடு எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டன. காகித ரீல் கொடுத்தவருக்கு மாமா பணம் கொடுத்தாயிற்று. மறுமாதம் 20ஆம் தேதிக்குள் அந்த விற்பனைக்கான ஜிஎஸ்டியையும் கைக்காசிலிருந்து கட்டியாயிற்று. வராத பணத்துக்கு வரி!

சரி, பில்லைத் திருத்திவிடலாமே? அங்கேதான் அடுத்த சிக்கல். அரசுப் பதிவு பெற்ற இ-இன்வாய்ஸை பதிவுத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், திருத்த முடியாது. அதற்குப் பிறகு ரத்தும் கிடையாது. எனவே கம்பெனியில் கேட்டது: பழைய பில்லுக்கு கிரெடிட் நோட்டு, பிறகு புது எண்ணில் புது பில். புது பில்லுக்குப் புதுத் தேதி. பணம் வர வேண்டிய நாளும் அந்தப் புதுத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். ஒரு அலகுக் குறியீட்டுக்காக இத்தனையும்.

இ.டி.ஐ. என்பது ஓர் உரையாடல்

கம்பெனிகள் தங்களுக்குள் ஆர்டர், பில், ரசீது முதலியவற்றை ஒரே வடிவத்தில், கணினியிலிருந்து கணினிக்கு நேராக அனுப்பிக்கொள்வதைத்தான் மின்னணுத் தரவுப் பரிமாற்றம், சுருக்கமாக இ.டி.ஐ., என்கிறோம். பிடிஎஃப் அனுப்புவது இதில் சேராது. பிடிஎஃப்பை மனிதன் படித்து மறுபடி தட்டச்ச வேண்டும்.

இதன் தொடக்கம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 1948-49இல் நடந்த பெர்லின் விமானப் பாலம். முற்றுகையில் இருந்த நகரத்துக்கு விமானம் விமானமாக மாவும் நிலக்கரியும் போயின. ஒவ்வொரு விமானத்திலும் என்ன இருக்கிறது என்ற பட்டியல் ஒவ்வொரு மாதிரி வந்துகொண்டிருந்தது. அமெரிக்க ராணுவத்தில் சார்ஜன்டாக இருந்த எட் கில்பர்ட்டும் கூட இருந்தவர்களும் டெலக்ஸிலும் ரேடியோவிலும் தொலைபேசியிலும் ஒரே மாதிரி சொல்லக்கூடிய ஒரு பட்டியல் வடிவத்தை உண்டாக்கினார்கள். பின்னாளில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்கு இ.டி.ஐ. தரம் எழுதியவர்களிலும் கில்பர்ட் முக்கியமானவர். 1979இல் எக்ஸ்-12 என்ற அமெரிக்கத் தரக் குழு உருவானது. 1987இல் ஐ.நா. வழியாக எடிஃபாக்ட் என்ற சர்வதேசத் தரம் வந்தது. இன்றைக்கும் கன்டெய்னர் கப்பலில் எந்தப் பெட்டி எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது என்ற வரைபடம் எடிஃபாக்ட் செய்தியாகத்தான் துறைமுகத்துக்குத் துறைமுகம் போகிறது.

இந்தத் தரங்களைப் படிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். செய்திகள் தனியாக வருவதில்லை. பேச்சும் பதிலுமாக வருகின்றன. எக்ஸ்-12இல் 850 என்றால் ஆர்டர். அதற்குப் பதில் 855, அதாவது ஆர்டரை ஏற்கிறேன் அல்லது மாற்றிக் கேட்கிறேன். 856 சரக்கு கிளம்பிவிட்டது. 861 சரக்கு வந்தது, இத்தனை நல்லது, இத்தனை சேதம். 810 பில். 824 உன் செய்தியை ஏற்றேன் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை. 820 பணம் அனுப்பிவிட்டேன், இன்னின்ன பில்லுக்கு. இது போக 997 என்று ஒன்று. உன் செய்தி வந்து சேர்ந்தது, எழுத்துப் பிழை இல்லை என்பது மட்டும். 997ஐ ஒப்புதல் என்று நினைத்து ஏமாறுவது இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு.

இதெல்லாம் பல வருஷங்கள் சின்னக் கம்பெனிகளுக்கு எட்டவே இல்லை. ஒவ்வொரு பெரிய வாங்குபவரும் தன் சொந்த விதிகளோடு தரத்தைப் பயன்படுத்தினார். பத்துப் பேருக்கு விற்றால் பத்து விதமான இணைப்பு வேண்டும். பெரியவர் 'சேர், இல்லையென்றால் ஆர்டர் இல்லை' என்றால் சின்னவர் சேர்ந்தார். 2002இல் வால்மார்ட் தன்னிடம் சரக்கு கொடுப்பவர்களை இணையவழி இ.டி.ஐ.க்கு மாறச் சொன்னதும் இந்த வழியில்தான். உலகம் முழுக்க இ.டி.ஐ. பெரும்பாலும் இப்படித்தான் பரவியது. சின்னவரை உள்ளே இழுத்தது லாபக் கணக்கு அல்ல, ஆர்டர் போய்விடுமே என்ற பயம்.

நம்மூருக்கு வந்தது எப்படி

இந்தியாவில் அந்தப் பெரிய வாங்குபவரின் இடத்தில் வரித்துறை உட்கார்ந்தது. 2019 செப்டம்பர் 20 அன்று நடந்த ஜிஎஸ்டி கவுன்சிலின் 37ஆவது கூட்டம் இ-இன்வாய்ஸுக்கான தரத்தை ஏற்றது. 2020 அக்டோபர் 1 முதல் ₹500 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்குக் கட்டாயம். பிறகு வரம்பு படிப்படியாக இறங்கியது: 100 கோடி, 50, 20, 10. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி. அந்தக் கடைசிப் படியில்தான் மாமா உள்ளே வந்தார்.

வேலை நடக்கும் விதம் எளிது. பில்லை நம் மென்பொருளிலேயே போடுகிறோம். அது ஜேசன் என்ற வடிவத்தில் அரசின் பதிவுத் தளத்துக்குப் போகிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, பில் எண், நிதியாண்டு இந்த நாலையும் வைத்து 64 எழுத்து கொண்ட ஓர் அடையாள எண் உண்டாகிறது. அதுதான் ஐஆர்என். கூடவே டிஜிட்டல் கையெழுத்திட்ட ஒரு க்யூஆர் கோடு. சில விநாடிகளில் முடிந்துவிடும். கட்டாயம் பதிய வேண்டியவர் ஐஆர்என் இல்லாமல் பில் கொடுத்தால் அது சட்டப்படி பில்லே அல்ல, வாங்குபவரின் வரிக் கழிவுக்கும் ஆபத்து. அதனால் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள்.

இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சின்னக் கம்பெனிகள் வரைக்கும் ஒரே வடிவத்தில் பில் எழுத வைத்தது பெரிய காரியம். பெரிய நிறுவனங்களின் இ.டி.ஐ. முயற்சிகளால் முடியாததை மூன்று வருஷத்தில் செய்து முடித்தார்கள்.

ஆனால் தரமாக்கியது எதை? பில்லை மட்டும். அதிலும் விற்பவர் அரசிடம் சொல்லும் வாக்குமூலத்தை மட்டும். ஆர்டர் இன்றைக்கும் பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் வருகிறது. சரக்கு வந்ததற்கு அத்தாட்சி டெலிவரி சலானில் செக்யூரிட்டி போடும் ரப்பர் ஸ்டாம்ப். பில்லில் தகராறு என்றால் அதற்கு வழி, யாராவது போனை எடுப்பது. அந்த உரையாடலில் ஒரு பக்கத்தின் ஒரு வரியை மட்டும் நாம் கட்டாயமாக்கியிருக்கிறோம். ஐஆர்என் வந்ததென்றால் அரசுக்குத் தெரியும் என்று அர்த்தம். வாங்கியவர் சம்மதித்தார் என்று அர்த்தமில்லை. மாமா ஐந்து வாரம் குழம்பியது இந்த இடத்தில்தான்.

கோட்டையும் மரக்காலும்

அலகுத் தகராறு ஒன்றும் புதிதல்ல. தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு காலத்தில் நெல்லைக் கோட்டைக் கணக்கில்தான் அளந்தார்கள். கோட்டைக்கு 21 மரக்கால் என்பது வழக்கம். ஆனால் மரக்காலே இடத்துக்கு இடம் மாறும். வயலின் பரப்பைக்கூட எத்தனை கோட்டை விதைப்பாடு என்றுதான் சொல்வார்கள். எப்படிச் சமாளித்தார்கள்? வாங்குபவரும் விற்பவரும் களத்தில் நேருக்கு நேர் நின்றார்கள். 'எந்த மரக்கால்?' என்று ஒருவர் கேட்பார், மற்றவர் காட்டுவார். 1956 சட்டம் மெட்ரிக் அளவைகளைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கேள்விக்குத் தேவை குறைந்தது.

இப்போது ஜிஎஸ்டி அலகுப் பட்டியலில் எண்ணத்துக்கு ஒரு குறியீடு, பீஸுக்கு ஒரு குறியீடு, யூனிட்டுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று, டஜனுக்கு ஒன்று, எதிலும் அடங்காததற்கு 'மற்றவை' என்று ஒன்று. மாமாவின் பெட்டிக்கு இதில் நாலு குறியீடு பொருந்தும். நாலும் சரி. ஐ.நா. அலகுப் பட்டியல் தனி. அதில் கிலோவுக்கு 'கே.ஜி.எம்.', நம் ஜிஎஸ்டி பட்டியலில் 'கே.ஜி.எஸ்.'. ஆக, தரம் என்று ஒன்று வந்தாலும் இந்தச் சரக்குக்கு இந்த அலகு என்று தொழிலுக்குள் பேசி முடிவு செய்யும் வேலை மிச்சம் இருக்கிறது. அதைச் செய்யாதவரை களத்தில் இரண்டு மரக்கால். 'எந்த மரக்கால்?' என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

தூத்துக்குடியில் பதில் வந்தது

பேட்டையிலிருந்து ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் தூத்துக்குடி. அங்கே கதை வேறு. சுங்கத்துறையின் இ.டி.ஐ. ரொம்ப காலமாக ஓடுகிறது. ஏற்றுமதியாளர் ஷிப்பிங் பில் தாக்கல் செய்தால் எண் வரும். சரக்கு உள்ளே வந்து சோதனை முடிந்ததும் 'ஏற்றலாம்' என்ற உத்தரவு வரும். கப்பல் கிளம்பியதும் ஏற்றியதற்கான பட்டியல் தாக்கலாகும். ஒவ்வொரு படிக்கும் ஒரு பதில்.

அங்கேயும் பெரிய கோளாறு நடந்திருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு, ஏற்றுமதிக்குக் கட்டிய வரியைத் திருப்பிக் கொடுக்க சுங்கத்துறை கணினி இரண்டு ஆவணங்களை ஒப்பிட்டது: ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஷிப்பிங் பில். ஏற்றுமதியாளர்கள் பலருக்கு இரண்டு பில் உண்டு. ஒன்று ஜிஎஸ்டிக்கு, இன்னொன்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு. எண்கள் வேறு. ஒரு ஆவணத்தில் ஒரு எண், மற்றதில் மற்ற எண். நாடு முழுக்க ரீஃபண்ட் தேங்கியது. திருப்பூர், தூத்துக்குடி என்று பேதமில்லை.

ஆனால் அங்கே ஒரு வித்தியாசம். கணினி பேசாமல் இருக்கவில்லை. 'எஸ்.பி.005' என்று ஒரு பிழைக் குறியீடு தந்தது. பில் விவரம் ஒத்துப்போகவில்லை என்று பொருள். 002 என்றால் கப்பல் பட்டியல் தாக்கலாகவில்லை. 003 என்றால் ஜிஎஸ்டி எண் பொருந்தவில்லை. ஏற்றுமதியாளர்கள் இந்த எண்களைச் சொல்லியே புகார் செய்தார்கள். எத்தனை பேர் 005இல் மாட்டியிருக்கிறார்கள் என்று துறையாலும் எண்ண முடிந்தது. 2018 பிப்ரவரியில் 005க்கென்றே மாற்று வழி சொல்லி சுங்கத்துறை சுற்றறிக்கை வந்தது. மார்ச்சில் ரீஃபண்டுக்கென்றே ஒரு சிறப்பு முகாம் நடந்தது.

எரிச்சலான பதில்தான், ஆனாலும் பதில். தப்பு எங்கே என்று தெரிந்தால் திருத்தலாம். ஒரே தப்பில் ஆயிரம் பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் விதியையே மாற்றச் சொல்லலாம். மாமா போன்றவர்கள் எத்தனை பேர் 'சிஸ்டத்துல பெண்டிங்'கில் நிற்கிறார்கள் என்று யாராலும் எண்ண முடியாது. அதற்குக் குறியீடே இல்லை.

சட்டத்தில் இருக்கிறது, செய்தியில் இல்லை

வேடிக்கை என்னவென்றால், பதில் சொல்ல வேண்டும் என்பதை நம் சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. 2006ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், இல்லையென்றால் 15 நாளில். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல், இந்தக் கெடுவைத் தாண்டினால், பணம் கொடுக்கும்வரை வாங்கியவரால் அதை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது.

ஆக, சட்டப்படி மாமாவின் கெடு முதல் நாளே ஓட ஆரம்பித்துவிட்டது. கிரெடிட் நோட்டுப் போட்டு புதுத் தேதியில் பில் கொடுத்தபோது, கையில் இருந்த ஆதாரத்தை அவரே பலவீனமாக்கிக்கொண்டார். தெரியாமல்தான்.

சீக்கிரம் பணமாக்க இன்னொரு வழியும் உண்டு. ரிசர்வ் வங்கி அனுமதித்த 'ட்ரெட்ஸ்' தளங்கள். பில்லை அங்கே ஏற்றினால் வங்கிகள் ஏலம் கேட்டு உடனே பணம் தரும். பின்னால் வாங்கியவர் தராவிட்டாலும் விற்பவரிடம் திருப்பிக் கேட்காது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு வாங்கியவர் 'ஏற்றேன்' என்று அந்தத் தளத்தில் சொல்ல வேண்டும். சுற்றிச் சுற்றி அதே பதில்தான் சாவி.

2024 அக்டோபரில் ஜிஎஸ்டி தளத்தில் ஐஎம்எஸ் என்ற வசதி வந்தது. வாங்கியவர் ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிறுத்தி வைக்கலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கணக்கு. என் பார்வையில் இது நல்ல தொடக்கம். பதில் என்ற ஒன்று அந்த அமைப்புக்குள் வந்திருக்கிறது. ஆனால் அது வரிக் கழிவுக்கான பதில், பணத்துக்கானதல்ல. சிலி நாட்டில் மின்னணு பில் வந்த 8 நாளுக்குள் வாங்கியவர் மறுப்புச் சொல்லாவிட்டால் அதை ஏற்றதாகவே சட்டம் கொள்ளும். பிறகு அந்த பில்லை வைத்து விற்பவர் கடன் வாங்கலாம். நம்மிடமும் சட்டம் இருக்கிறது, பதிவுத் தளம் இருக்கிறது, க்யூஆர் இருக்கிறது. இவற்றை இணைக்கும் ஒரு செய்திதான் இல்லை. மூன்று விஷயம் சொன்னால் போதும்: சரக்கு வந்த தேதி, ஏற்பா மறுப்பா, மறுப்பு என்றால் காரணக் குறியீடு.

அதுவரைக்கும்

மாமாவுக்கு எழுதிக் கொடுத்ததை இங்கேயும் வைக்கிறேன். சின்ன உற்பத்தியாளர் யாருக்கும் பொருந்தும்.

ஆர்டரில் உள்ள அலகையும் அளவையும் அப்படியே பில்லில் போடுங்கள். மென்பொருளில் சரக்குப் பதிவை ஒருமுறை மாற்றினால் போதும். ஆர்டர் எண்ணுக்கும் இ-இன்வாய்ஸ் வடிவத்தில் இடம் உண்டு, அதைக் காலியாக விடாதீர்கள். சலானில் வாங்கும் ஸ்டாம்ப்பில் தேதி தெளிவாக இருக்கட்டும், அன்றைக்கே படம் எடுத்து, பில்லோடு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். உத்யம் பதிவு எண்ணை பில்லில் அச்சிடுங்கள். பத்து நாளில் சத்தமில்லை என்றால் போன் வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். கிரெடிட் நோட்டுப் போடும் நிலை வந்தால், சரக்கு ஏற்ற தேதி பழைய தேதிதான் என்று அவர்களிடம் எழுதி வாங்கிவிட்டுப் போடுங்கள்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நாலு பில்லுக்கும் பணம் தை மாதம் வந்தது. வட்டி கேட்கச் சொன்னேன். "வட்டி கேட்டா அடுத்த ஆர்டர் எவன்ல தருவான்?" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. சட்டம் தரும் உரிமையைக் கேட்க ஒரு சின்னக் கம்பெனி பயப்படும் என்பதால்தான், பதில் வருவது யாருடைய தயவாகவும் இல்லாமல் அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்கிறேன்.

போனை வைக்கும் முன்னால் அவர் சொன்னது: "நீங்க கம்ப்யூட்டர்காரவோதான ஃபாரம் எழுதுதிய. நான் ரொப்பததுக்கு அத்தன கட்டம் வச்சிருக்கிய. அவன் ரொப்பததுக்கும் ஒரு கட்டம் வைங்கல."